தை ஓ: தெய்வங்கள் படகேறும் ஊர்

லாந்தாவ் தீவின் மலைகளை ஏறி இறங்கி வரும் சாலை, தீவின் மேற்கு முனையில் ஒரு பேருந்து நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. கார்கள் அங்கேயே நின்றுவிட வேண்டும். அதற்கு அப்பால் தை ஓ. நடந்து போகலாம், மிதிவண்டியை உருட்டிப் போகலாம், சரக்கென்றால் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப் போகலாம். தெருவின் அகலம் சில இடங்களில் இரண்டு கைகளை விரித்தால் இருபக்கச் சுவரையும் தொடும் அளவுதான். ஊரைக் கட்டியவர்கள் யாரும் சாலை வழியாக வந்தவர்கள் அல்லர். வாசலை உப்பங்கழியைப் பார்த்து வைத்தார்கள். படகை அந்த வாசலில் கட்டினார்கள். மோட்டார் வண்டி பிறந்து, வளர்ந்து, மலையைத் தாண்டி வந்து சேர்ந்தபோது அது நுழைய இடமில்லை.

ஹாங்காங்கில் வாழும் நம்மில் பலருக்குத் தை ஓ புதிதல்ல. ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் நோங் பிங் மலையில் பெரிய புத்தரைக் காட்டிவிட்டு, 21-ஆம் எண் பேருந்தில் கீழே இறக்கிவிடுவோம். பாலத்தில் நின்று ஒரு படம், டால்பின் பார்க்கப் படகில் ஒரு சுற்று, மாலைக்குள் துங் சுங் ரயில் நிலையம். ஒரு சிறப்பு மலருக்காக ஓர் அமைப்பின் வரலாறு எழுதித் தரும்படி கேட்டபோது எனக்கு இந்த ஊர்தான் நினைவுக்கு வந்தது. நீரில் நிற்கும் மரக்கால் வீடுகளைப் பார்க்கப் போகிறோம்; அவற்றுக்கு இடையே இருக்கும் மீனவர் சங்கக் கூடங்களின் முன்னால் நின்று பார்ப்பதில்லை. தை ஓவில் எது இன்னும் நிற்கிறது, எது போய்விட்டது என்று கணக்கெடுத்தால், பின்னால் ஒரு கூட்டு அமைப்பு இருந்தவையே பெரும்பாலும் நின்றிருக்கின்றன என்பது என் கணிப்பு.

முதலில் இடம். ஹாங்காங்கின் தீவுகளில் மிகப் பெரியது லாந்தாவ். அதன் மேற்குக் கரையில், முத்து நதியின் அகன்ற முகத்துவாரத்தைப் பார்த்தபடி தை ஓ இருக்கிறது. ஊரின் ஒரு பாதி லாந்தாவின் நிலத்தில். மறுபாதி ஒரு சிறு தீவில். இரண்டுக்கும் இடையில் உப்பங்கழி. ஏற்றத்தில் நீர் வீட்டுத் தளத்தை எட்டிப் பார்க்கும். வற்றத்தில் சேறும் தூண்களும் தெரியும். கழியின் இரு கரையிலும், நீருக்குள் கால் ஊன்றிய வீடுகள். தலைமுறை தலைமுறையாகப் படகையே வீடாகக் கொண்டிருந்த தங்கா மக்கள் கட்டியவை இவை. நிலத்தில் இருந்தவர்கள் அவர்களைத் தங்களுக்குச் சமமாக வைத்துப் பார்த்ததில்லை. கரையேற விரும்பியவர்கள் கரைக்கும் கடலுக்கும் நடுவில், யாருக்கும் வேண்டாத சேற்று விளிம்பில் தூண் நட்டார்கள். தொடக்கத்தில் பழைய படகின் பலகைகளும் சுவராயின. இன்று பெரும்பாலும் வெள்ளிநிறம் பூசிய தகரம். வீட்டுக்கு வீடு பலகைப் பாதை உண்டு. அண்டை வீட்டின் திண்ணையைக் கடந்துதான் தன் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் பலர்.

மீனுக்கு முன்பே இந்தத் தீவின் பெயரை வரலாற்றில் ஏற்றியது உப்பு. சோங் பேரரசு உப்பு வணிகத்தைத் தன் கையில் வைத்திருந்தது. அதை மீறிக் காய்ச்சி விற்ற லாந்தாவ் மக்கள் 1197-ல் கலகம் செய்தார்கள்; அரசுப் படை வந்து அடக்கியது. பிற்காலத்தில் தை ஓவிலேயே கரை கட்டிப் பெரிய அளங்கள் அமைந்தன. உப்பு இருந்ததால் கருவாடு. கருவாடு இருந்ததால் சந்தை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அளங்கள் ஓய்ந்தன. செக் லாப் கோக்கில் புதிய விமான நிலையம் கட்டியபோது வடக்கு லாந்தாவில் அழிந்த அலையாத்திக் காட்டுக்கு ஈடாக, தை ஓவின் பழைய அளத்தில் கண்டல் செடிகளை நட்டார்கள். உப்பு விளைந்த பாத்தியில் இன்று நண்டும் கொக்கும்.

இனி கோயில்கள். சந்தைத் தெருவின் நடுவே க்வான் தை கோயில். மிங் காலத்தில், பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது என்பார்கள். க்வான் தை வீரத்துக்கும் சொன்ன சொல் தவறாமைக்கும் உரிய தெய்வம். ஹாங்காங்கில் காவல் நிலையங்களிலும் அவருக்கு மாடம் உண்டு, காவலர்கள் தேடும் கும்பல்களிடமும் உண்டு. இருதரப்பு வேண்டுதலையும் அவர் எப்படிச் சமாளிக்கிறாரோ! ஊரின் ஓரத்தில், கடலைப் பார்த்தபடி யியுங் ஹாவ் கோயில். 1699-ல் கட்டப்பட்டது, 2017-ல் அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. மங்கோலியர் சீனத்தைப் பிடித்தபோது சோங் வம்சத்தின் சிறுவர்களான மன்னர்கள் இருவர் அடுத்தடுத்துத் தென்கடலோரம் ஒதுங்கினார்கள். 1279-ல் யாமென் கடற்போரோடு அந்த வம்சம் முடிந்தது. அந்தச் சிறுவர்களைக் காத்து நின்ற தளபதியே இங்குள்ள தெய்வம் என்பது மரபு. தோற்றுப்போன அரசுக்கு விசுவாசமாக இருந்தவனுக்குக் கோயில் கட்டிய ஊர் இது. அளவில் சிறிய கோயில்தான். ஆனால் உள்ளே மீனவர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த திமிங்கல எலும்புகளைப் பார்த்தால் இது யாருடைய கோயில் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இவை தவிர, கடல்தாய் தின் ஹாவுக்கு ஒரு கோயில், தென்கடலின் காவலர் ஹுங் ஷிங்குக்கு ஒரு கோயில்.

இந்த நான்கு கோயில்களையும் ஒரே கயிற்றில் கட்டுபவை மீனவர் சங்கங்கள். பா தெங் ஹாங், சின் யூ ஹாங், ஹப் சம் தாங் என்று மூன்று. வெறும் தொழிற்சங்கம் என்று அவற்றைச் சொல்லிவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கூடம், தனி டிராகன் படகு, தனி வரிசை. உறுப்பினர்கள் பணம் போட்டுப் படகைப் பராமரிக்கிறார்கள். துடுப்புப் போடும் ஆட்களைத் திரட்டுகிறார்கள். பூசைச் செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதுதான் அவர்கள் நடத்திவரும் பெரிய காரியம்: சீன நாட்காட்டியின் ஐந்தாம் மாதத்தில் நடக்கும் டிராகன் படகு நீர் ஊர்வலம்.

ஊர்வலத்தின் பிறப்பைப் பற்றி ஊரார் சொல்வது ஒன்றே. நூறாண்டுக்கு முன்பு தை ஓவில் கொள்ளைநோய் பரவியது. மனிதர் கைவிட்ட நிலையில் மீனவர்கள் தெய்வங்களைப் படகில் ஏற்றி ஊரின் நீர்வழி எங்கும் கொண்டுபோனார்கள், நோய் அடங்கியது. அதன்பின் ஆண்டுதோறும் அதைச் செய்வது சங்கங்களின் கடமையானது.

நடைமுறை இரண்டு நாளுக்கு உரியது. ஐந்தாம் மாதத்தின் நான்காம் நாள் காலையில் சங்கத்தார் படகில் புறப்பட்டு நான்கு கோயில்களுக்கும் போகிறார்கள். நம் கோயில்களில் மூலவர் இருந்த இடத்தில் இருக்க உற்சவர் வீதிக்கு வருவது போல, இங்கும் வெளியே வருவதற்கென்று சிறிய திருவுருவங்கள் இருக்கின்றன. அவற்றை மரியாதையோடு எடுத்துப் படகேற்றித் தம் கூடத்துக்குக் கொண்டுவந்து அமர்த்துகிறார்கள். அன்று இரவு தெய்வங்கள் சங்கத்தின் விருந்தினர். மறுநாள், ஐந்தாம் நாள் காலை, திருவுருவங்கள் அலங்கரித்த சம்பான் படகில் ஏறுகின்றன. நீளமான டிராகன் படகு முன்னே. அதன் பின்னால் கயிறு கட்டி இழுத்துவரும் தெய்வச் சம்பான். பறையும் கைத்தாளமும் முழங்க, ஊதுவத்திப் புகையோடு இந்த வரிசை கழிக்குள் நுழைந்து வீடுகளுக்கு நடுவே போகும். வீட்டார் தத்தம் தளத்தின் விளிம்பில் ஊதுவத்தி ஏற்றி, தாள் காணிக்கைகளைக் கொளுத்திக் கும்பிடுவார்கள். நீரில் மாண்டு கரைசேராத ஆவிகளுக்கும் அன்று படையல் உண்டு. கடலில் போனவர்கள் இல்லாத குடும்பம் மீனவர் ஊரில் ஏது? மதியத்துக்கு மேல் தெய்வங்களைத் திரும்பக் கோயிலில் சேர்த்த பிறகே சடங்கு முடியும்.

கவனித்தால் இந்தச் சடங்குக்குத் தெருவே தேவைப்படவில்லை. ஊர்வலம் போகும் வீதி தண்ணீர். கழியைத் தூர்த்துச் சாலை போட்டிருந்தால் தெய்வம் போகும் வழி அடைபட்டிருக்கும்.

2011-ல் சீன அரசின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் இந்த ஊர்வலம் இடம்பெற்றது. சுங் சாவ் தீவின் திருவிழா, தை ஹாங்கின் தீ டிராகன் ஆட்டம், ஹாங்காங் சியு சாவ் சமூகத்தின் ஆவிமாத வழிபாடு ஆகியவையும் அதே ஆண்டில் சேர்ந்தன. அங்கீகாரம் வந்ததும் படக்கருவிகள் வந்தன. பார்வையாளர் படகுகள் வந்தன. அதில் எனக்குப் பெரிய குறை இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. துடுப்புப் போடும் கைகளில் பல இப்போது மீன் பிடிப்பதில்லை. நகரத்தில் அலுவலகமோ கடையோ கட்டட வேலையோ பார்ப்பவர்கள் விடுமுறையில் வந்து பாட்டன் சங்கத்தின் படகில் உட்காருகிறார்கள். மீன்பிடிப்பு சுருங்கியபின் மீனவர் சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த வருகையே பதில். ஊரை விட்டுப் போனவர்களைப் பெயர்சொல்லி வருந்தி அழைக்க ஒரு காரணமும் ஒரு கூடமும் இருக்கிறது. இது இன்னும் எத்தனை தலைமுறைக்கு என்பது வேறு கேள்வி.

ஊரின் இன்னொரு முனையில், கற்பாதையின் கடைசியில், குன்றின்மேல் வெள்ளையாக ஒரு கட்டடம். இதுவும் ஓர் அமைப்புதான், ஆனால் முற்றிலும் வேறு வகை. 1898-ல் பிரிட்டன் புதிய நிலப்பகுதிகளையும் தீவுகளையும் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. அதற்கு நான்கு ஆண்டு கழித்து, 1902-ல், தை ஓவில் காவல் நிலையம் கட்டினார்கள். முத்து நதி முகத்துவாரத்தில் கடற்கொள்ளையர் தொல்லை அதிகம். நதியின் மறுகரை வேறோர் ஆட்சி; இந்தப் பக்கம் கொள்ளையடித்து அந்தப் பக்கம் போய்விட்டால் கை எட்டாது. அதனால் நிலையத்துக்குப் பீரங்கியும் தேடுவிளக்கும் படகுத்துறையும் தேவைப்பட்டன.

இங்கே நம் நாட்டு வரலாறு ஒன்று குறுக்கிடுகிறது. ஹாங்காங் காவல்படைக்கு 1867 முதலே பஞ்சாபிலிருந்து சீக்கியர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தொலைதூரத் தீவு நிலையங்களில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர், கீழே இந்தியக் காவலர்கள், சீனக் காவலர்கள் என்பது வழக்கமான அமைப்பு. 1912-ல் சுங் சாவ் தீவைக் கொள்ளையர் தாக்கியபோது இறந்தவர்கள் மூன்று இந்தியக் காவலர்கள். தை ஓவிலோ 1918-ல் தாக்குதல் உள்ளிருந்து வந்தது. தேஜா சிங் என்ற இந்தியக் காவலர் நிலையத்தின் பொறுப்பாளர் சார்ஜென்ட் கிளென்டினிங்கைச் சுட்டுக் கொன்றார். சன்னலின் இரும்புக் கதவில் அந்தக் குண்டுகள் துளைத்த ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. கட்டடத்தைச் சுற்றிக் காட்டுபவர்கள் அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பார்கள். வீட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, மொழி தெரியாத ஊரில், ஒரு குன்றின்மேல் சிலபேர் மட்டும் அடைந்து கிடந்த வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்று அந்த ஓட்டைகளுக்கு முன்னால் நினைத்துப்பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

குற்றம் குறைந்து ஊரும் சுருங்க, 1996-ல் நிலையம் வெறும் ரோந்துச் சாவடியாகத் தாழ்ந்தது. 2002-ல் மூடிவிட்டார்கள். பயனற்ற பழைய கட்டடங்களை இலாப நோக்கற்ற அமைப்புகளிடம் ஒப்படைத்துப் புதுப்பிக்கும் திட்டத்தை ஹாங்காங் அரசு 2008-ல் தொடங்கியது. அதன்கீழ் இந்த நிலையம் ஒன்பது அறைகள் கொண்ட விடுதியாகி 2012-ல் திறந்தது; மறு ஆண்டே யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்பு விருது கிடைத்தது. தங்காதவர்களும் போய்ப் பார்க்கலாம் என்ற ஏற்பாடு நல்லது. ஆனாலும் கைதிகளை அடைத்த அறையைக் கடந்து காப்பி குடிக்கப் போவதில் சின்னக் கூச்சம் எனக்கு இருக்கத்தான் செய்கிறது. நின்றது கட்டடம். அதன் வேலை போய்விட்டது. மீனவர் சங்கங்களில் நடந்தது நேர்மாறானது: அங்கே கட்டடங்கள் எளியவை, வேலை நிற்கவில்லை.

தை ஓவில் போய்விட்டவற்றில் ஒன்று கயிற்றுப் படகு. தை ஓவின் இரு பாதிகளையும் இணைக்கப் பாலம் இல்லாத காலத்தில், கழியின் குறுக்கே கயிறு கட்டி, அதைப் பிடித்து இழுத்தே கரைக்குக் கரை போகும் தட்டைப் படகு ஒன்று இருந்தது. துடுப்பும் இல்லை, இயந்திரமும் இல்லை. இழுப்பவர்கள் பெண்கள். எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தப் படகு ஓடியது. பள்ளிப் பிள்ளை, மீன்கூடை, மணப்பெண், பிணம் எல்லாமே அந்தக் கயிற்று வழிதான். 1996-ல் தூக்குப்பாலம் வந்தது. உயரமான படகு வந்தால் நடுப்பகுதியைத் தூக்கி வழிவிடும்படி கட்டினார்கள். அதிலும் நடக்கத்தான் முடியும். கயிற்றுப் படகு நின்றுபோனதைப் பற்றி முதியவர்கள் பேசும்போது ஏக்கம் இருக்கும், ஆனால் அவசரத்துக்கு மருத்துவரிடம் போக அக்கரையில் படகுக்குக் காத்திருந்த கதையையும் அதே மூச்சில் சொல்வார்கள். படம் எடுக்க வருபவர்கள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

தெருவில் நுழைந்ததும் மூக்கைத் தாக்குவது கூனி. சின்னஞ்சிறு கூனி இறாலை உப்போடு அரைத்து, வட்டமான மூங்கில் தட்டுகளில் பரப்பி வெயிலில் காயவைத்துச் செய்யும் விழுதுதான் தை ஓவின் அடையாளச் சரக்கு. தளர்வாகப் புட்டியிலும், காய்ந்து இறுகிய கட்டியாகவும் கிடைக்கும். கீரை வதக்கும்போதோ பன்றி இறைச்சி அவிக்கும்போதோ சிறு துண்டு போட்டால் போதும். நம்மில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த மணம் பழக்கமானது. சைவர்கள் அந்தக் கடைகளை வேகமாகக் கடந்துவிடுவது நல்லது. ஒரு காலத்தில் இந்தக் கடலில் மஞ்சள் கத்தாளையும் மிகுதியாகக் கிடைத்தது. அதன் பாடு குறைந்து அரிதாகிவிட்டது. கத்தாளை மீனின் காற்றுப்பையான நெட்டி இப்போது கடைகளில் தங்க விலைக்குத் தொங்குகிறது.

கூனிக்கு வந்த சோதனை சட்டத்தின் வழியாக வந்தது. கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவலைக்கு ஹாங்காங் கடல் முழுவதிலும் 2012 டிசம்பர் 31 முதல் தடை. மீன்வளம் மீள வேண்டுமென்றால் அந்தத் தடை தேவைதான். பல்லாண்டு மிகைப்பிடிப்பில் கடலடி வெறுமையாகிக் கிடந்தது. ஆனால் கூனியும் அதே வலையில்தான் விழுந்தது. விழுது செய்பவர்கள் சீனப் பெருநிலத்திலிருந்து கூனியை வரவழைக்க வேண்டியதாயிற்று. தை ஓவின் வெயிலும் கையும் தை ஓவுக்கே உரியவை. கடல் மட்டும் வேறு.

வண்டி நுழையாத ஊர் என்று சொல்லும்போது அதன் விலையையும் சொல்ல வேண்டும். 2000 ஜூலையில் மரக்கால் வீடுகளில் தீப்பிடித்துத் தொண்ணூறு வீடுகளுக்கு மேல் அழிந்தன. ஒட்டி ஒட்டி நிற்கும் மரமும் தகரமும். தீயணைப்பு வண்டி பக்கத்தில் வரும் அகலம் இல்லை. 2008 ஜூனில் பெய்த பெருமழையில் மலைச் சாலை பல இடங்களில் சரிந்து தை ஓ துண்டிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஹகுபிட் புயலின் கடல்வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியது. 2017-ல் ஹாட்டோ, 2018-ல் மங்குட். ஒவ்வொரு முறையும் வெள்ளம் வடிந்தபின் சேற்றை வாரிக் கொட்டியவர்கள் அண்டை வீட்டாரும், ஊர்ச் சங்கத்தாரும், நகரத்திலிருந்து வந்த தொண்டர்களும். இன்று வெள்ளத்தடுப்புச் சுவர் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் முதியவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தும் ஒழுங்கும் இருக்கிறது. தூண்வீட்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பதால் அது சின்னக் காரியமல்ல.

டால்பின் பற்றி ஒரு வரி. இளஞ்சிவப்பு நிற டால்பின்கள் இந்த முகத்துவாரத்துக்கு உரியவை. எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. 2018 அக்டோபரில் திறந்த ஹாங்காங்-சூகாய்-மக்காவு பாலம் கரையிலிருந்து நன்றாகத் தெரியும். 55 கிலோமீட்டர் நீளத்துக்குக் காருக்காகக் கட்டிய பாலம், கார் நுழையாத ஊரின் பின்னணியில். படகோட்டி டால்பினைக் காட்டுவதாக உறுதி சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்.

போகிறவர்களுக்கு: துங் சுங்கிலிருந்து 11-ஆம் எண் பேருந்து, முய் வோ துறையிலிருந்து 1-ஆம் எண். துங் சுங்கிலிருந்து படகும் உண்டு. முதல்முறை போகிறவர்கள் ஊரை அதன் கடல்வாசல் வழியாகப் பார்ப்பதற்குப் படகையே நான் சொல்வேன். சொந்தக் கார் என்றால் தெற்கு லாந்தாவ் சாலைகளுக்கு அனுமதிச்சீட்டு இல்லாமல் போக முடியாது, எனவே அதை மறந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாலத்தின்மேல் ஒருவரை ஒருவர் இடிக்காமல் கடப்பதே பெரும்பாடு. ஊர்வலம் நடக்கும் ஐந்தாம் நாளான டிராகன் படகுத் திருநாள் பெரும்பாலும் ஜூனில் வரும். அரசு விடுமுறை என்பதால் அன்று கூட்டம் இன்னும் அதிகம். முடிந்தால் அலுவலகத்தில் ஒரு நாள் கூடுதலாக விடுப்புக் கேட்டு முதல்நாளே போங்கள். நான்காம் நாள் காலையில் சங்கத்துப் படகு கோயில் கோயிலாகப் போய்த் தெய்வங்களை அழைத்துவரும்போது பார்க்க வருபவர்கள் குறைவு. சங்கத்து முதியவர்களுக்கு அன்று பேச நேரம் இருக்கும். கான்டனீசில் நாலு வார்த்தை தெரிந்தால், எந்தச் சங்கத்தின் படகு எப்போது யாரை முந்தியது என்ற வழக்கைச் சாயங்காலம் வரை கேட்கலாம்.